துரியோதனனைச் செய்வதா, துச்சாதனனாக ஆடுவதா?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு 27 வயது. செய்யாறு பக்கம் ஒரு கிராமம். அப்பா மண் வேலை செய்பவர். சுற்றுவட்டாரத்தில் நான்கைந்து ஊர்களில் திரௌபதியம்மன் திருவிழா என்றால் படுகளத்துக்கு (பாரதப் போர் முடிகிற காலையில் நடக்கும் சடங்கு) மண்ணில் துரியோதனன் உருவம் செய்வது எங்கள் வீடுதான். நான் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தேன். பிளஸ் டூ படிக்கும்போதே ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், சேர்ந்து கூத்துக் கற்றுக்கொண்டேன். இப்போது கட்டை வேஷம் (மரத்தால் செய்த கிரீடம், புஜக்கட்டை அணிந்து ஆடுவது) கட்டுகிறேன்; திரௌபதியின் துகிலுரியும் கதை ஆடுகிற துகில் ராத்திரியில் துச்சாதனன் நான்தான். கல்லூரி நண்பர்களோடு ஒரு பறைக் குழுவும் இருக்கிறது.

கோடை வந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் கூப்பிடுகின்றன. போன வைகாசியில் பதினெட்டாம் போர் ஆடிவிட்டு, விடிந்ததும் வேஷத்தைக் கலைத்து, அப்பாவோடு உருவத்துக்கு முகம் வைக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தேன். அதற்கு முந்தின வாரம் கோடை விழாவுக்குப் பறை அடிக்க மலைக்குப் போனதால் இரண்டு ராத்திரி ஜமாவுக்குப் போகவில்லை. ஜமா வாத்தியார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நகரத்து விழாக்காரர்கள் சிலர் பறை, பிள்ளைகளுக்குக் களிமண் பயிற்சி, வாசலில் ஒரு சிற்பம், எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் என்கிறார்கள். இன்னொருவர் காசு இல்லை, மேடை தருகிறேன் என்கிறார். அம்மா தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலைக்குப் போகச் சொல்கிறார். எதை விடுவது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம், செய்யாறு வட்டம்)

பதில்: தம்பி, எதையும் விட வேண்டாம். பங்குனியிலிருந்து வைகாசி வரைக்கும் யார் கூப்பிட்டாலும் சரி என்று தலையாட்டுகிற பழக்கத்தை மட்டும் விடுங்கள். நான் குழுக்களுக்கு நிகழ்ச்சி பேசி, தேதி போட்டு, வண்டி ஏற்றி, பணத்தை வாங்கிக் கொடுக்கிற வேலை பார்ப்பவள். கலை பெரிதா வயிறு பெரிதா என்கிற விவாதத்துக்கு நான் லாயக்கில்லை. தேதி, பணம், உடம்பு இந்த மூன்றைப் பற்றி என்றால் பேசலாம். உங்கள் கடிதத்தில் இருப்பதும் அதுதான்.

முதலில் ஒரு தாளில் பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் எழுதி வையுங்கள். மாசியில் மயானக் கொள்ளை முடிந்த கையோடு உங்கள் பக்கம் கூத்துக்குத் தாம்பூலம் (ஊர் வெற்றிலை பாக்கு வைத்து நிகழ்ச்சியை உறுதி செய்வது) வர ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி உச்சம். ஆனியில் கொஞ்சம் தணிந்து ஆடியில் மறுபடி ஏறும். அதற்கப்புறம் ஜமா அநேகமாகச் சும்மா இருக்கும். ஆனால் உங்கள் அப்பாவின் சக்கரம் அப்போதுதான் சுற்றும்: ஆவணியில் விநாயகர் சதுர்த்தி, புரட்டாசியில் கொலு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் காயாது, சூளையும் வைக்க முடியாது. அது மரத்துக்கான காலம். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்ட ஆற அமர உட்கார்ந்தால்தான் முடியும். சீசன் நடுவில் உடைந்த கட்டையை ஃபெவிகால் தடவி ஒட்டிக்கொண்டு ஆடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மார்கழியும் தையும் நகரத்து விழாக்களுடையவை. சென்னை சங்கமம் பொங்கலை ஒட்டித்தான் வருகிறது. கோவாவில் செரண்டிபிட்டி கலைவிழா டிசம்பரில். கொச்சி பினாலே கலைக் கண்காட்சி டிசம்பரில் தொடங்கினால் மார்ச் வரை போகும்.

எழுதி முடித்துவிட்டுப் பாருங்கள். உங்கள் மூன்று வேலைகளும் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் ஒன்றோடொன்று மோதவே இல்லை. மோதுவது கத்திரி வெயிலை ஒட்டிய சில வாரங்களில்தான். அந்தச் சில வாரங்களை வைத்துக்கொண்டு மொத்த வாழ்க்கையையும் தீர்மானிக்கப் பார்க்கிறீர்கள். அந்த வாரங்களுக்கு மட்டும் ஒரு ஒழுங்கு செய்தால் போதும்.

அதில் மிகச் சிக்கலானது படுகளத்து நாள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக: திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், கடைசிப் பத்து நாள்போல ராத்திரியில் கூத்து. வில் வளைப்பில் தொடங்கி துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் என்று போய்ப் பதினெட்டாம் போரில் முடியும். அந்த ராத்திரி விடிந்ததும் திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். ஊரைப் பொறுத்து முப்பது அடி, ஐம்பது அடிகூட இருக்கும். அவன் மேல் ஏறி நின்றுதான் பீமனும் துரியோதனனும் கடைசிச் சண்டை போடுவார்கள். தொடையில் குங்குமத் தண்ணீர் ரத்தமாக ஓடும், திரௌபதி கூந்தல் முடிவாள், சாயங்காலம் தீமிதி. அந்த உருவத்தின் மண்ணைச் சில ஊர்களில் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

இதில் ஆடுகிறவனும் செய்கிறவனும் நீங்களே என்றால் கணக்கைப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு முகத்தில் பூசும் முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைக்க உட்காருகிறீர்கள். கட்டையை இழுத்துக் கட்டிய கயிற்றோடு விடிய விடிய ஆட்டம், பாட்டு, கிறுகிறுவென்று சுற்றல். நடுவில் குடித்தது இரண்டு டம்ளர் டீ. ஆறு மணிக்கு வேஷம் கலைத்து ஏழு மணிக்கு மண்ணில் இறங்குகிறீர்கள். எட்டு மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கும். மயக்கம் வராமல் வேறு என்ன வரும்? அதைப் பலவீனம் என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம்.

அந்த ஊரில் நீங்கள் மண் வேலைக்காரர் என்றால் அன்றைக்குக் கூத்தில் ஆடாதீர்கள். ஜமா வேறு ஊரில் ஆடுகிற பதினெட்டாம் போருக்கு வேண்டுமானால் போங்கள். உங்கள் வீட்டு உரிமை உள்ள நான்கைந்து ஊர்களுக்கும் அந்த ஒரு ராத்திரி மட்டும் மாற்று ஆள் வேண்டும் என்று வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் ஒன்றும் ஆட்சேபிக்க மாட்டார். கடைசி நேரத்தில் சொன்னால்தான் கோபம் வரும்.

உருவம் செய்கிற வேலையையும் மாற்றிப் பிரியுங்கள். உடம்பு முழுவதையும் முந்தின நாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் குவித்து, அடித்து, பூசி முடித்துவிட வேண்டும். நனைத்த கோணிச் சாக்கைப் போட்டு மூடிவிட்டால் ராத்திரியில் வெடிக்காது. விடியற்காலையில் முகம், மீசை, கிரீடம், வர்ணம், தொடைக் குழி மட்டும் பாக்கி இருக்கட்டும். அதை அப்பா பார்க்கட்டும், நீங்கள் எடுபிடியாக நில்லுங்கள். மண் லோடு, தண்ணீர் டேங்க், மண் அள்ளிப் போட நாலு ஆள், மேலே ஒரு கீற்றுப் பந்தலோ தார்ப்பாயோ, இதெல்லாம் ஊர் ஏற்பாடு. நாட்டாண்மையிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். உருவத்துக்கு ஊர் கொடுக்கும் வேட்டி, நெல், பணம் எதுவானாலும் அது உங்கள் குடும்பத்துக்கும் கோயிலுக்கும் இடையில் உள்ள உரிமை; அதில் பேரம் பேசச் சொல்லமாட்டேன். ஆனால் வேலை ஆளும் தண்ணீரும் கேட்பது பேரம் ஆகாது.

அப்புறம் உடம்பு. நான் டாக்டர் இல்லை. இருந்தாலும் சீசனில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாமல் எந்தக் குழுவையும் வண்டி ஏற்றுவதில்லை. இரண்டு காட்சிக்கு நடுவில் டீக்குப் பதில் அதைக் குடியுங்கள். ஆடி முடித்த குரலோடு பகலில் மைக் பிடித்துப் பேசாதீர்கள். தொண்டை கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் போனால் பனங்கற்கண்டு, மிளகு என்று காலம் தள்ளாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். குரல் போன கட்டை வேஷக்காரரை எந்த ஜமாவும் வைத்துக்கொள்ளாது.

இனி வாத்தியார். இதில் நான் உங்கள் பக்கம் இல்லை. தாம்பூலம் வாங்கிய ராத்திரி என்பது ஊரோடு செய்த ஒப்பந்தம். ஜமாவில் ஒருவர் குறைந்தால் அவர் வேஷத்தை இன்னொருவர் இரட்டையாகக் கட்ட வேண்டியிருக்கும். நீங்கள் மலைக்குப் போன இரண்டு ராத்திரியும் யாரோ ஒருவர் தன் வேஷத்தைக் கலைத்து உங்கள் வேஷத்தைக் கட்டியிருப்பார், அதற்காகக் கூடுதல் பங்கும் வாங்கியிருக்கமாட்டார். போய்ப் பாருங்கள். வெற்றிலை பாக்கு, பழம் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்கும் விஷயம் இல்லை இது. மழைக்காலத்தில் நீங்கள் செதுக்கிய புஜக்கட்டை ஒரு ஜோடி கையில் இருந்தால் இன்னும் நல்லது. ஜமாவின் கட்டைகளைச் சீர்செய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். எந்த வாத்தியாரும் அதை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சமாதானம் ஆன கையோடு இன்னொன்றையும் பேசிவிட வேண்டும். மாசி பிறப்பதற்குள் அந்த வருஷம் நான் இந்தத் தேதிகளில் ஜமாவில் இருப்பேன், இந்தத் தேதிகளில் இருக்கமாட்டேன் என்று இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். துகில் ராத்திரி எந்த ஊரில் வந்தாலும் நீங்கள் இருந்தாக வேண்டும், அதில் சலுகை கேட்காதீர்கள். துச்சாதனன் புடவையை இழுக்கப் போகும் முன் கைகூப்பி அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டி நிற்கிற இடத்தில் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அருள் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த இடத்தில் பழக்கமில்லாத ஆளை நிறுத்தினால் ஊர் மறுவருஷம் வேறு ஜமாவைத் தேடும்.

கிராமத்து ராத்திரியையும் நகரத்து மேடையையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் பக்கத்துப் புரிசையிலேயே சான்று இருக்கிறது. ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவின் நடிகர்களுக்குக் கூத்துச் சொல்லிக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப தம்பிரான் என்கிற கூத்துக் கலைஞர். அவர் ஊர்க் கூத்தையும் விடவில்லை. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபால் நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தோடு சேர்த்துக் கட்டைக்கூத்தும் படித்தார்கள், பெண் பிள்ளைகளும்தான். 2002-இலிருந்து 2020 வரை அது நடந்தது. இரண்டு உலகத்திலும் கால் வைத்தவர்கள் உங்களுக்கு முன்பே இருக்கிறார்கள்.

மலை விழாவுக்கு வருவோம். மே மாதம் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றிலும் கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று வரிசையாக வரும். பறைக் குழுவுக்கு நல்ல கூட்டம், நல்ல புகைப்படம், கொஞ்சம் பெயர். பணம் மட்டும் பெரும்பாலும் உடனே வராது, பில் போட்டு நடையாக நடந்துதான் வரும். உங்கள் கையிலிருந்து வேன் வாடகை கொடுத்துவிட்டுக் காத்திருக்கத் தெம்பு இருந்தால் போங்கள். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறுகிற வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், அதை யார் எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போன் அடிக்கிற கூத்து வேண்டாம்.

தோலையும் மறக்காதீர்கள். அங்கே நான்கு மணிக்கெல்லாம் மூட்டம் இறங்கும். மே மாத மழையும் சேர்ந்தால் பறை தொய்ந்து தொப் தொப்பென்று கேட்கும். காய்ச்சலாம் என்றால் பூங்காவுக்குள் வைக்கோலைக் கொளுத்த யார் விடுவார்கள்? தோல் பறையைச் சமவெளிக்கு வைத்துக்கொண்டு மலைக்கு ஃபைபர் பறை ஒரு செட் எடுத்துப் போகிற குழுக்கள் இருக்கின்றன. சுத்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மழையில் நனைந்த தோலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அடித்துப் பார்த்தவர்கள் சுளிப்பதில்லை. என் அபிப்பிராயம்: உங்கள் பறைக் குழுவில் நீங்கள் இல்லாமலும் ஆட ஆள் இருக்கிறது. ஜமாவில் இல்லை. கோடையில் குழு மலைக்குப் போகட்டும், நீங்கள் ஜமாவோடு இருங்கள். தையில் நகரத்து மேடைகளில் நீங்கள் முன்னால் நின்று ஆடலாம்.

இப்போது அந்த 8,000 ரூபாய்.

பல வேலை தெரிந்தவர்களுக்கு வருகிற வியாதி இது. "நீங்கதான் எல்லாம் செய்வீங்களே" என்று சிரித்துக்கொண்டே மூன்று வேலையை ஒரு கூலிக்கு வாங்கிவிடுவார்கள். கேட்கிறவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரே ஆள், ஒரே நாள், அதனால் ஒரே பணம் என்று அவருக்குத் தோன்றுகிறது. அது அப்படி இல்லை என்று புரியவைப்பது உங்கள் வேலை. வாயால் விளக்கிக்கொண்டிருக்காமல் மூன்று தனி விலையாக எழுதி அனுப்புங்கள்.

பறை ஆட்டம்: எத்தனை பேர், எத்தனை நிமிஷம், எத்தனை தடவை. "நுழைவாயிலில் ஒரு தடவை வரவேற்பு, அப்புறம் மேடையில் ஒரு தடவை, அமைச்சர் வந்தால் இன்னொரு தடவை" என்று விழா நாளில் ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கணக்கு. களிமண் பயிற்சி: ஒரு பிள்ளைக்கு அரைக் கிலோ மண் என்றே வையுங்கள். சலித்து, ஊறவைத்து, பிசைந்து, கல் நீக்கிக் கொண்டுபோவது ஒரு நாள் வேலை. பலகை, தண்ணீர் வாளி, துடைக்கத் துணி, உதவிக்கு ஒருவர் வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு மேல் ஒரு வேளைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், அப்புறம் அது பயிற்சியாக இருக்காது, பிள்ளைகளை மேய்ப்பதாக ஆகிவிடும். வாசல் சிற்பம்: மண், வைக்கோல், கம்பி, கொண்டுபோகும் வண்டி, தங்கும் இடம், உங்கள் நாட்கள். பார்வையாளர்கள் சுற்றி நிற்க அவர்கள் கண்முன்னால் செய்யச் சொல்கிறார்கள் என்றால் அதுவும் ஒரு நிகழ்ச்சிதான். கேள்வி கேட்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள், கை பாதி வேகத்தில்தான் ஓடும். சுடாத மண் கோடை மழையில் கரையும் என்பதை முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். கரைவது உங்கள் மரபில் குறை இல்லை, படுகளத் துரியோதனனும் அன்றே மண்ணாகிவிடுகிறவன்தான். ஆனால் நகரத்துக்காரர் அடுத்த வருஷமும் அங்கேயே நிற்கும் என்று எதிர்பார்த்திருப்பார். விழா முடிந்தபின் அதை வைத்துக்கொள்வது யார், படம் எடுத்து விளம்பரத்துக்குப் போட்டால் பெயர் போடுவார்களா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

மூன்றையும் கூட்டிப் பார்த்தால் 8,000-த்தைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும். அவர்களால் முடியாது என்றால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். பறை மட்டும் வேண்டும் என்றால் பறை மட்டும். விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். நான் இதைச் சொல்லிக்கொடுத்த குழுக்களில் சிலருக்கு வாய்ப்புப் போனதுண்டு, மறைக்கவில்லை. போன வாய்ப்புக்கு அழுதவர்களைவிட, மூன்று நாள் உழைத்துவிட்டு டீசல் காசோடு திரும்பி வந்து அழுதவர்கள்தான் அதிகம்.

பாதிப் பணம் முன்பணமாக வங்கிக் கணக்கில் வந்தபிறகு வண்டி ஏறுங்கள். சில இடங்களில் பத்து சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் இருபது சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் வருமானம் வரி வரம்புக்குள்தான் இருக்கும். கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த பணம் திரும்ப வரும். தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டு "கவர்மெண்ட் பிடிச்சிக்கிச்சு" என்று சொல்லித் திரிகிற கலைஞர்கள் ஏராளம். ராத்திரி நிகழ்ச்சி என்றால் போலீஸ் அனுமதி யார் வாங்குவது என்றும் எழுதுங்கள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதியிலேயே இருக்கிறது. நிகழ்ச்சி பாதியில் நின்றால் பாதிப் பணம் என்று சொல்ல விழாக்காரர் வாய் திறப்பதற்குள் உங்கள் தாள் பேசட்டும்.

காசு இல்லை, மேடை தருகிறேன் என்பவருக்குப் பதில் சுலபம். மேடை போட்டவருக்குக் காசு கொடுத்தீர்களா, மைக் செட்டுக்கு, சாப்பாட்டுக்கு? எல்லாருக்கும் கொடுத்துவிட்டு ஆடுகிறவரிடம் மட்டும் இல்லை என்றால், போகாதீர்கள். பள்ளிக்கூடம், ஊர் நூலகம், போராட்ட மேடை என்று நீங்களாக விரும்பி இலவசமாக ஆடுவது வேறு. அதை வருஷத்துக்கு எத்தனை என்று நீங்களே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தபோது பங்குனி. தாம்பூலம் வாங்கி வைத்திருந்த ஜமாக்கள் அப்படியே உட்கார்ந்தன. அடுத்த வருஷம் இரண்டாவது அலையும் சரியாகக் கோடையில்தான் வந்து விழுந்தது. இரண்டு சீசன் அடுத்தடுத்துப் போனது. எனக்குத் தெரிந்த ராஜபார்ட் ஒருவர் அந்த நாட்களில் பெயிண்ட் அடிக்கப் போனார், ஒருவர் மளிகைக் கடையில் மூட்டை தூக்கினார். உங்கள் அம்மா இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அவரிடம் கலையைப் பற்றிப் பேசாதீர்கள், ஆடாத மாதத்தில் எங்கிருந்து பணம் வரும் என்பதைக் காட்டுங்கள்.

அதற்குச் சில கதவுகளைத் தட்ட வேண்டும். தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இல்லை என்றால் முதல் வேலை அதுதான். மண் வேலைக்கு மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை தனி, அப்பாவுக்கும் சேர்த்து வாங்குங்கள். கைவினைக் கண்காட்சிகளில் கடை கேட்க அது உதவும். தஞ்சாவூரில் இருக்கிற தென்னகப் பண்பாட்டு மையத்துக்கு உங்கள் பறைக் குழுவின் விவரம், வீடியோ, வங்கி விவரம் எல்லாம் அனுப்பி வையுங்கள், வெளிமாநில விழாக்களுக்கு அவர்கள் குழு அனுப்புவார்கள். மாவட்டக் கலை மன்றம் கொடுக்கிற விருதுகளில் 19 முதல் 35 வயதுக்காரர்களுக்குக் கலை வளர்மணி. பணம் பெரிதில்லை, அடுத்த விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி கிடைக்கும்.

நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல நினைப்பது வேறொன்று. மத்திய கலாச்சார அமைச்சகம் 25 முதல் 40 வயது வரையுள்ளவர்களுக்கு ஜூனியர் ஃபெலோஷிப் கொடுக்கிறது: மாதம் 10,000 ரூபாய், இரண்டு வருஷம். அறிவிப்பு வரும்போது பார்த்துப் போட வேண்டும். அதற்கு ஓர் ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில்தான் திக்கித் திணறுவார்கள். உங்கள் வீட்டிலேயே திட்டம் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் எந்த எந்த ஊரில் துரியோதனன் எத்தனை அடி, தலை எந்தத் திசை, மண் எந்த ஏரியிலிருந்து வருகிறது, எந்த வீட்டுக்கு உரிமை, மீசையை யார் எப்படி வைக்கிறார்கள், அப்பாவின் கைக்கும் பக்கத்து ஊர்க்காரர் கைக்கும் என்ன வித்தியாசம்? சிற்பம் படித்தவர், கூத்து ஆடுகிறவர், அந்த வீட்டுப் பிள்ளை, மூன்றும் ஒரே ஆளாக இருப்பவர் தவிர இதை யார் சரியாகச் செய்ய முடியும்? நேர்காணலில் அப்பா முகம் வைக்கிற வீடியோவை இரண்டு நிமிஷம் போட்டுக் காட்டுங்கள். அடுத்த சீசனிலேயே டேப் வைத்து அளந்து, கோட்டுப்படம் போட்டு, ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிடுங்கள். ஃபெலோஷிப் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மார்கழியில் நகரத்துக் கலைவிழாக்காரரிடம் காட்ட உங்களிடம் ஒரு பெரிய வேலை இருக்கும். அவர்களுக்கு நீங்கள் "பறை அடிக்கிற பையன், களிமண்ணும் செய்வான்" என்று தெரிகிறவரை 8,000-தான் பேசுவார்கள்.

பள்ளி வேலையை ஒரேயடியாக மறுக்க வேண்டியதில்லை. முழுநேர வேலைக்குப் போனால் பங்குனியில் ஆண்டுத் தேர்வு, விடைத்தாள், ஆண்டு விழா அலங்காரம் என்று பள்ளி உங்களை விடாது. ராத்திரி ஆடிவிட்டுக் காலை எட்டரைக்குப் பிரேயரில் நிற்க வேண்டியிருக்கும். மறுபடியும் மயங்கி விழத்தான் வழி. அதனால் வாரத்தில் இரண்டு நாள், ஜூனிலிருந்து பிப்ரவரி வரை மட்டும் வருகிறேன் என்று கேளுங்கள். தனியார் பள்ளிகளில் பாட்டு, கராத்தே, சிலம்பத்துக்கெல்லாம் அப்படித்தான் ஆள் வைத்திருக்கிறார்கள், ஓவியத்துக்கு மட்டும் கூடாதா? சம்பளம் குறையும், ஆனால் ஆடாத மாதங்களில் மட்டும் வருகிற பணம் என்பதால் அம்மாவுக்கு அதுவே நிம்மதி. புது வகுப்புகளுக்கு ஏப்ரலிலேயே ஆள் எடுத்துவிடுவார்கள், அப்போது நீங்கள் கூத்துத் திடலில் இருப்பீர்கள். தை முடிவதற்குள் போய்ப் பேசிவிடுங்கள். மார்ச்சில் ஒரு நாள்கூட வரமாட்டேன் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.